உதிர்தலும் துளிர்த்தலும்: பினாங்குத் தோட்டப் பயிர்களின் இலையிழப்பு வரலாறு

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் அமைந்த பாயான் லெப்பாஸ், 1935 இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தாலும் 1972 இல் உருவான தடையற்ற வணிகத் தொழிற்பேட்டையாலும் இன்று பரவலாக அறியப்படுகிறது. அதற்கு முன்னர் அது கரையோரத் தென்னந்தோப்புகளும் தாழ்நில வயல்களும், மேற்கே எழும் குன்றுச் சரிவுகளில் கிராம்பு, ஜாதிக்காய், பழமரங்கள், பின்னாளில் ரப்பர் ஆகியனவும் சூழ்ந்த வேளாண் வட்டாரமாகவே இருந்தது. அதன் கரைக்கு எதிரே கிடக்கும் ஜெரெஜாக் தீவில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதி முதல் தொற்றுத்தடுப்பு நிலையம் ஒன்று இயங்கியது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அங்குத் தங்கவைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். தமிழர் இவ்வட்டாரத்தில் வேரூன்றியதற்குச் சுங்கை ஆராவில் இன்றும் இயங்கும் தமிழ்ப்பள்ளி சான்றாக நிற்கிறது. இத்தோட்ட உலகின் வரலாறு பெரும்பாலும் நிலவுரிமை, சந்தை விலை, ஆள்சேர்ப்பு ஆகிய மூன்றின் வழியே எழுதப்படுகிறது; இம்மூன்றையும் பலமுறை திசைதிருப்பிய நான்காவது காரணி ஒன்றும் உண்டு. மரம் தன் இலைகளை எப்போது இழக்கிறது, எத்தனை முறை இழக்கிறது, இழந்ததை மீட்க அதற்கு எவ்வளவு காலம் தரப்படுகிறது என்பதே அது.

இலை என்பது மரத்தின் உணவு ஆக்கும் உறுப்பாகும். ஒளியையும் நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு அது ஆக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி அன்றாட உயிர்ப்புக்கும் வளர்ச்சிக்கும் செலவாக, எஞ்சியது தண்டிலும் பட்டையிலும் வேரிலும் மாச்சத்தாகச் சேமிக்கப்படுகிறது. இலைகள் உதிர்ந்ததும் மரம் அச்சேமிப்பைக் கரைத்து, உறங்கிக் கிடக்கும் மொட்டுகளை எழுப்பிப் புதுத் தளிரை உண்டாக்குகிறது. அத்தளிர் முற்றித் தன் சொந்த ஆக்கத்தால் மரத்துக்குத் திருப்பித் தரத் தொடங்கும்வரை சேமிப்பு குறைந்துகொண்டே செல்கிறது. அந்த இடைவெளிக்குள் இரண்டாம் முறையும் இலை போனால், விளைச்சல் பொய்த்த ஆண்டில் விதைநெல்லை உண்டுவிட்ட குடும்பத்தின் நிலையை மரம் அடைகிறது: நுனிக்கிளைகள் காய்கின்றன, வேர்வளர்ச்சி தடைப்படுகிறது, காயமும் நோயும் எளிதில் ஊடுருவுகின்றன. ஆகவே இலையிழப்பின் கடுமையை உதிர்ந்த இலைகளின் அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. ஓர் உதிர்வுக்கும் அடுத்த உதிர்வுக்கும் இடைப்பட்ட காலமே பெரிதும் தீர்மானிக்கிறது.

ஜாதிக்காயும் காப்பியும் தந்த முன்னெச்சரிக்கை

பினாங்கில் இப்பாடம் முதன்முதலில் ஜாதிக்காய் மரத்தின் வழியே வந்தது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித், மொலுக்கத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைப் பல்லாயிரக்கணக்கில் பினாங்குக்கு அனுப்பினார். ஆயிர் ஈத்தாமில் அமைக்கப்பட்ட கம்பெனித் தோட்டம் 1805 இல் விற்கப்பட்டபோதும், அதன் கன்றுகள் தனியார் நிலங்களுக்குப் பரவின. 1830களில் ஜேம்ஸ் லோ பினாங்கின் மண்ணையும் வேளாண்மையையும் பற்றி நூல் எழுதிய காலத்தில், ஜாதிக்காய் தீவின் பெருமைக்குரிய பயிர்களுள் ஒன்றாகிவிட்டிருந்தது. ஆனால் 1860 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பரவிய ஒரு நோயால் மரங்கள் மேற்கிளைகளில் இலையிழந்து, நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து பட்டுப்போயின. சில ஆண்டுகளுக்குள் பெருந்தோட்டங்கள் கைவிடப்பட்டன. வண்டு, அளவுமீறிய உரம், காட்டு நிழலில் வாழப் பழகிய மரத்தை வெட்டவெளியில் நிறுத்தியமை எனக் காரணங்கள் பலவாறு கூறப்பட்டன. ஜாதிக்காய் என்றும் பசுமையாக நிற்கும் மரமாதலால், ஆண்டுக்கொருமுறை முழுவதும் உதிர்த்து முழுவதும் துளிர்க்கும் ஒழுங்கு அதற்கு இல்லை. மேல்முடி வெறுமையானால் அதை விரைந்து மீட்கும் ஆற்றலும் குறைவு. சிறு அளவில், பழமரங்களோடு கலந்து நட்டவர்களின் கைகளிலேயே அது பின்னாளில் மீண்டது. பாலிக் புலாவ் பகுதியில் அது இன்றும் பயிராகிறது.

இதற்கு அடுத்த எச்சரிக்கை இலங்கையிலிருந்து வந்தது. 1869 இல் மடுல்சீமைப் பகுதியின் காப்பி இலைகளில் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தோன்றிய துருநோயை உண்டாக்கும் பூஞ்சணத்துக்கு, மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்னும் ஆங்கிலேயப் பூஞ்சணவியலாளர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். துரு பிடித்த இலை உதிர்ந்ததும் காப்பிச் செடி மீண்டும் துளிர்த்தது. பல தோட்டக்காரர்கள் அத்துளிரைக் குணமடைந்ததன் அடையாளமாகக் கருதி, உரமிட்டு அறுவடையைத் தொடர்ந்தனர். 1880 இல் அங்கு அனுப்பப்பட்ட இளம் தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்டு, பூஞ்சணத்தின் வாழ்க்கைச் சுற்றை விரிவாக ஆராய்ந்து, இலையில் ஆக்கப்பட்டுக் கனிக்கும் கட்டைக்கும் சேரவேண்டிய உணவு மீண்டும் மீண்டும் பறிபோவதே செடியின் நலிவுக்குக் காரணம் என்று விளக்கினார். ஒரே பயிர் மலைமலையாக இடைவெளியின்றி நடப்பட்டிருந்ததால் காற்றில் பறக்கும் வித்துகளுக்குத் தடையே இல்லாமற்போனதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் சரிந்தது. மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வாழ்வு தேயிலையை நோக்கித் திரும்பியது. இலங்கையை விட்டு வெளியேறிய தோட்டக்காரர்களுட் சிலர் மலாயாவில் காப்பி பயிரிட்டனர். 1890களின் இறுதியில் அங்கும் பருந்து அந்துப்பூச்சி இனத்தின் புழுக்கள் காப்பி இலைகளை மொட்டையடித்தன, அதே காலத்தில் விலையும் வீழ்ந்தது. அவ்வெற்றிடத்தில் நுழைந்ததே ரப்பர்.

தானாக உதிர்க்கும் மரம்

1876 இல் ஹென்றி விக்காம் அமேசான் பகுதியிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளுள் சில ஆயிரமே முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877 இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888 இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1896 இல் மலாக்காவில் தான் சாய் யான் என்பவர் ரப்பரை வணிக அளவில் நடத் தொடங்கினார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பினாங்குக்கு எதிரே பெருநிலத்திலுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்கள் பலவும் பால்மரக் காடுகளாயின. தீவின் சரிவுகளிலும் அம்மரம் ஏறியது.

ஜாதிக்காயிலிருந்தும் காப்பியிலிருந்தும் ரப்பர் அடிப்படையில் வேறுபட்டது. மூன்று நான்கு வயதைக் கடந்தபின் அது ஆண்டுதோறும் தன் இலைகளைத் தானாகவே உதிர்க்கிறது. நோயின் விளைவன்று, மரத்தின் இயல்பான ஒழுங்கே இது. உதிர்வதற்கு முன் இலையிலுள்ள தழைச்சத்து முதலிய ஊட்டங்களில் கணிசமான பகுதியை மரம் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பின்னர் இலைக்காம்பின் அடியில் ஒரு பிரிபடலம் உருவாகி இலையைத் துண்டிக்கிறது. பினாங்கு, கெடா, பெர்லிஸ் ஆகிய வடமாநிலங்களில் ஆண்டின் தொடக்க மாதங்கள் தெளிவான வறட்சிக் காலமாதலால், அங்கு உதிர்வு ஒரே வீச்சில் நடந்து, சில வாரங்களில் செம்புநிறத் தளிர் மரமெங்கும் ஒன்றாகத் தோன்றும். தெற்கே வறட்சி தெளிவற்றிருப்பதால் உதிர்வும் துண்டுதுண்டாக நீண்டு செல்லும். செம்புநிறத் தளிர் தொங்கும் வெளிர்பச்சையாகி, பின்னர் விறைத்துக் கரும்பச்சையாக முற்றுவதற்கு நான்கு ஐந்து வாரங்கள் ஆகின்றன. தளிர்க்கும் பருவத்தில் இலைக்காம்பின் நுனியிலுள்ள தேன்சுரப்பிகள் ஊறுவதால், தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தைச் சுற்றிய தேனீ வளர்ப்போருக்கு அதுவே பெரும் அறுவடைக் காலமாகவும் அமைகிறது.

ரப்பர் மரத்திடமிருந்து மனிதன் பெறுவது கனியோ இலையோ அன்று. பட்டைக்குள் வளையவளையமாக அமைந்த பால்குழாய்களிலிருந்து வடியும் பாலே. அப்பால் இலையிலிருந்து இறங்கும் சர்க்கரையிலிருந்து உருவாவதால், ஒவ்வொரு சீவலும் மரத்தின் சேமிப்பில் கைவைப்பதாகும். தளிர்க்கும் வாரங்களில் அதே சர்க்கரைக்குத் தளிரும் பூவும் போட்டியிடுகின்றன. அப்போது பால் குறைகிறது, தொடர்ந்து சீவினால் மரம் நலிகிறது. அதனால் இலை கொட்டும் காலத்தில் சீவுதலை நிறுத்தியோ குறைத்தோ மரத்துக்கு ஓய்வு தரும் வழக்கம் தோட்டங்களில் நிலைபெற்றது. மரத்துக்கு ஓய்வாக இருந்த அவ்வாரங்கள், சீவிய பாலின் அளவைப் பொறுத்தே கூலி பெற்ற குடும்பங்களுக்கு வருவாய் சுருங்கிய வாரங்களாயின. களைவெட்டும் உரமிடலும் அவ்விடைவெளியை ஓரளவே நிரப்பின.

இரண்டாம் உதிர்வும் ஆய்வின் விடையும்

இயல்பான உதிர்விலிருந்து எளிதில் மீளும் இம்மரத்தின் பலவீனம் தளிர் முற்றும் அந்த நான்கு ஐந்து வாரங்களில் ஒளிந்திருந்தது. இளந்தளிரின் மேல்தோல் மெல்லியது. அதை ஊடுருவும் பூஞ்சணங்கள் முற்றிய இலையில் பெரும்பாலும் தோற்கின்றன. 1918 இல் ஜாவாவில் கண்டறியப்பட்ட ஓயிடியம் என்னும் சாம்பல்நோய், 1920களில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பரவியது. குளிர்ந்த இரவும் பனிமூட்டமும் அதற்கு உகந்தவை. ஈரம் மிகுந்த பருவத்திலோ கொலட்டோட்ரைக்கம் என்னும் பூஞ்சணம் அதே வேலையைச் செய்கிறது. இவ்விரண்டாலும் தளிர் முற்றுமுன் உதிர்வதே ‘இரண்டாம் இலையுதிர்வு’ எனப்படுகிறது. முதல் உதிர்வுக்கு மரம் ஊட்டங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஆயத்தமாகிறது. இரண்டாவதிலோ, செலவிட்ட சேமிப்பு முழுவதும் தரையில் விழுகிறது. மரம் மீண்டும் துளிர்த்தாலும் முடி மெலிந்திருக்கும், நுனிக்கிளைகள் காயும், பால் அந்த ஆண்டு முழுவதும் குறைந்தே நிற்கும்.

1925 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பணிகளில் இச்சிக்கலுக்கு முதன்மை இடம் இருந்தது. முதல் விடை கந்தகம்: தளிர்க்கும் வாரங்களில் விடியலுக்கு முன், காற்று அடங்கியிருக்கும் வேளையில் பொறிகளால் கந்தகத் தூள் தூவப்பட்டது. இரண்டாவது உரம்: துளிர்ப்புக்கு முன் கூடுதல் தழைச்சத்து அளித்தால் தளிர் விரைந்து முற்றி, ஆபத்தான வாரங்கள் சுருங்குகின்றன. மூன்றாவதே மிகத் துணிவானது. இலையுதிர்வைத் தடுக்க முடியாதெனில் அதன் காலத்தையாவது மாற்றலாம் என்னும் எண்ணத்தில், இயல்பான உதிர்வுக்குச் சில வாரங்கள் முன்னரே இலையுதிர்ப்பு மருந்தை வானிலிருந்து தெளித்து, நோய்க்குச் சாதகமான பருவம் வருமுன் புது இலை முற்றிவிடும்படி செய்தனர். 1958 இல் ஹட்சிசன் என்னும் ஆய்வாளர் விமானத் தெளிப்பால் ரப்பர் இலைகளை உதிர்த்த முயற்சியைப் பதிவு செய்தார். 1972 இல் ஸ்ரீபதி ராவ், இரண்டாம் உதிர்வைத் தவிர்க்கும் வழியாக இம்முறையை ஆராய்ந்து எழுதினார். மலேசிய ரப்பர் மரத்தின் நோய்களைத் தொகுத்து 1975 இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். மரத்தின் ஆற்றலோடு போரிடாமல், அது மீளும் காலத்தைக் காத்துக் கொடுப்பதே மூன்று விடைகளுக்கும் பொதுவான நோக்கமாக இருந்தது.

ஓரிடத்தில் நலமாக நிற்கும் மரம் வேறிடத்தில் வேறு பருவத்தில் இலையிழப்பதையும் இக்காலம் உணர்த்தியது. கேரளத்தில் 1910 முதல் அறியப்பட்ட பைட்டாப்தோரா நோய், தென்மேற்குப் பருவமழையில் முற்றிய இலைகளையே காம்போடு வீழ்த்துகிறது. விழுந்த காம்பில் கரும்புள்ளியும் அதன் நடுவே உறைந்த வெண்பால் துளியும் காணப்படும். மலாயாவில் உருவாக்கப்பட்டு உயர் விளைச்சலுக்குப் புகழ்பெற்ற ஆர்ஆர்ஐஎம் 600 என்னும் ஒட்டினம், இந்நோய்க்கு எளிதில் ஆட்படுவதால் கேரளத்தில் மழைக்கு முன்னர்ச் செம்பு மருந்துத் தெளிப்பை நம்பியே நிற்கவேண்டியதாயிற்று. இலங்கையில் ஆர்ஆர்ஐசி 103 என்னும் ஒட்டினம், 1980களின் நடுவில் கொரினெஸ்போரா என்னும் பூஞ்சணத்தால் திரும்பத் திரும்ப இலையிழந்ததால் பேரளவில் பிடுங்கியெறியப்பட்டது.

அமேசானின் பாடமும் காவலும்

மீளும் காலம் அறவே கிடைக்காதபோது என்ன நேரும் என்பதற்கு ரப்பரின் பிறப்பிடமே சான்று. தென்னமெரிக்க இலைக்கருகல் நோயின் பூஞ்சணம் இளந்தளிரை ஆண்டு முழுவதும் தாக்கவல்லது. காட்டில் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நின்றதால் அது கட்டுக்குள் இருந்தது. ஹென்றி போர்டு 1928 இல் தபஜோஸ் ஆற்றங்கரையில் தொடங்கிய போர்ட்லாண்டியாத் தோட்டத்தில், 1930களின் நடுவில் மரமுடிகள் ஒன்றையொன்று தொட்டபோது நோய் வெடித்துப் பரவியது. 1934 இல் தொடங்கிய பெல்தெராத் தோட்டத்தில், நோய் தாங்கும் மேல்முடியை உயர்விளைச்சல் தண்டின்மேல் ஒட்டும் முறையும் கையாளப்பட்டது. எனினும் 1945 இல் இரு தோட்டங்களும் பிரேசில் அரசிடம் விற்கப்பட்டன. ஆசியாவின் ரப்பர், அப்பூஞ்சணம் கடலைத் தாண்டி வராததாலேயே வாழ்கிறது. 1956 இல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் கீழ் உருவான தென்கிழக்காசிய, பசிபிக் பயிர்ப்பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இந்நோய்க்கென்றே தனி விதிகள் சேர்க்கப்பட்டன. மனிதர் கொண்டுவரும் நோய்க்கு அஞ்சி ஜெரெஜாக்கில் காவல் வைத்த நிலப்பகுதி, பின்னர் இலை கொண்டுவரும் நோய்க்கு அஞ்சித் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் காவல் வைக்க நேர்ந்தது.

பனையினப் பயிர்களின் நீண்ட கணக்கு

பாயான் லெப்பாஸ் கடற்கரையின் பழைய பயிரான தென்னைக்கு இலையிழப்பு வேறு பொருளைத் தருகிறது. கிளையோ உறங்கும் மொட்டோ அதற்கு இல்லை. உச்சியிலுள்ள ஒரே குருத்திலிருந்து மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலை வெளிவருகிறது. முப்பதை ஒட்டிய ஓலைகளைக் கொண்ட முடி முழுவதும் சிதைந்தால் அதை நிரப்ப இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். ஒவ்வொரு ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை பிறப்பதால், இழந்த ஓலையின் கணக்கு தேங்காயின் கணக்காகவும் மாறுகிறது. மலாயாவில் அவ்வப்போது பெருகிய தென்னை ஓலை அந்துப்பூச்சியின் புழுக்கள் ஓலையைச் சுரண்டித் தீய்ந்த தோற்றம் தந்தன. ஆனால் ஓர் ஒட்டுண்ணி ஈ அவற்றின் உடலில் முட்டையிட்டு, பெருக்கத்தைப் பெரும்பாலும் அடக்கியது. பிஜித் தீவுகளில் இதன் உறவினப் பூச்சி ஒன்று தென்னைகளை அழித்துவந்தபோது, 1925 இல் மலாயாவிலிருந்து இவ்வீயைக் கப்பலில் கொண்டுசென்று விட்டனர்; குறுகிய காலத்தில் அங்குத் தென்னை மீண்டது. தோட்ட வரலாற்றில் உயிரியல் கட்டுப்பாட்டின் முன்னோடி வெற்றிகளுள் இதுவும் ஒன்று.

1917 இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராகத் தொடங்கிய செம்பனையும் இலையிழப்பில் தென்னையின் வழியையே பின்பற்றுகிறது. பைபோன்ற கூட்டுக்குள் வாழும் பைப்புழுக்கள் 1950களின் பிற்பகுதியிலிருந்து பெருந்தொகையாக எழுந்து ஓலைகளைத் தின்றன. நெடுநாள் நிற்கும் பூச்சிக்கொல்லிகள் புழுவின் இயற்கைப் பகைவர்களைக் கொன்றதே இப்பெருக்கத்துக்கு வழிவகுத்தது என்பதைப் பிரையன் வூட் முதலியோர் நிறுவினர். இலைப்பரப்பில் பாதி இழந்தால் அடுத்த ஈராண்டுகளில் விளைச்சல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும் என்பதையும் அவர்களது ஆய்வுகள் காட்டின. செம்பனையில் பூ ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு நெடுங்காலம் முன்னரே தீர்மானிக்கப்படுவதால், ஓலை மீண்டும் பசுமையாகத் தெரியும் வேளையில்தான் குலைகள் குறையத் தொடங்குகின்றன. கண்ணுக்குத் தெரியும் மீட்சி வேறு, சேமிப்பின் மீட்சி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மீட்சியின் செலவை யார் ஏற்பது

2017 முதல் மலேசிய ரப்பர் காடுகளில் புதியதொரு உதிர்வு பரவியுள்ளது. அதற்கு முந்திய ஆண்டில் சுமாத்திராவில் கவனிக்கப்பட்ட இந்நோயில், பெஸ்டலோட்டியோப்சிஸ் முதலிய பூஞ்சணங்கள் முற்றிய இலையில் வட்டப் புள்ளிகளை உண்டாக்கி அதை வீழ்த்துகின்றன. தளிர் முற்றினால் ஆபத்து நீங்கும் என்ற பழைய நம்பிக்கை இதன்முன் செல்லுபடியாகவில்லை. ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இலையுதிர்வதும், விளைச்சல் 25 முதல் 50 விழுக்காடு வரை குறைவதும் அறிக்கையிடப்பட்டுள்ளன. மலேசியாவின் ரப்பர் நிலத்தில் பெரும்பகுதி இன்று சிறுதோட்டக்காரர் கையில் இருப்பதால், உரமும் மருந்தும் வாங்க இயலாத காலத்திலேயே மரத்துக்கு அவை மிகத் தேவைப்படுகின்றன. விலை வீழ்ந்த ஆண்டில் இழப்பை ஈடுகட்ட மேலும் அடிக்கடி சீவும் கட்டாயம் எழுகிறது. மெலிந்த முடியுடைய மரத்தை அதுவே மீளாமல் தடுக்கிறது.

ஜாதிக்காய் முதல் செம்பனை வரையான இந்த வரலாறு காட்டும் உண்மை ஒன்றே: இலையை இழப்பதால் மட்டும் மரம் அழிவதில்லை, மீள்வதற்கு முன் அதனிடம் மீண்டும் கேட்கப்படும்போதே அழிகிறது. எனவே ஓய்வு என்பது சாகுபடியின் செலவுகளுள் ஒன்றாகக் கணக்கிடப்பட வேண்டும். கடந்த நூற்றாண்டில் அச்செலவின் பெரும்பங்கை, இலை கொட்டும் வாரங்களில் குறைந்த கூலியோடு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரே சுமந்தனர். 1954 இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் காலத்தில் மாதச் சம்பளத்துக்கான கோரிக்கை நெடிதாக ஒலித்ததற்கும், 2013 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதிய ஆணை தோட்டங்களில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டதற்கும், மரத்தின் பருவத்தோடு ஏறி இறங்கிய வருவாய் ஒரு வலுவான காரணம். மரத்துக்கு ஓய்வு தரும் அறிவியலும் அவ்வோய்வுக் காலத்தில் மனிதருக்கு வருவாய் உறுதி தரும் சட்டமும் ஒன்றையொன்று தாங்கினால்தான் இரண்டும் நிலைக்கும். சீவுபவரின் அடுப்பு எரிவதற்கு வழியிருந்தால் மட்டுமே, தளிர்க்கும் மரத்தைச் சீவாமல் விடும் அறிவுரை தோட்டத்தில் நடைமுறையாகும்.